ஆடியில் வைத்த பூ

பஞ்சாலைத் தோட்டத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். தொழிலாளர் மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டுமாம். எந்தப் பூச்செடியை எந்த மாதம் வைப்பது என்று எழுதினால் போதும் என்றார்கள். இப்போதுதான் லாரியில் தொட்டியோடு செடி வருகிறதே, பூத்தே வருகிறதே, இறக்கி வைத்தால் வேலை முடிந்ததே, மாதம் எதற்கு என்று கேட்டேன். "போன வருசம் நாங்களா வெச்சதுல ஒண்ணுகூடப் பூக்கலீங்க" என்றார்கள். சரி என்று உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். நீட்டி எழுத வராது.

சொந்த ஊர் எருமப்பட்டிப் பக்கம். எங்களுக்கென்று உழுகிற காடு கிடையாது. அடுத்தவர் காட்டில் வேலை. மழை பொய்த்த ஒரு வருஷம் அம்மாவும் நானும் சேலத்துக்கு நடந்தோம். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைக்கு ரோடு ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பஞ்சாலை முதலாளி பங்களா கட்டிக்கொண்டிருந்தார். கலவைக்குத் தண்ணீர் சுமக்க ஆள் தேடினார்கள். சுமந்தேன். பங்களா முடிந்தது. தண்ணீர் சுமப்பது முடியவில்லை. கலவைக்குப் பதில் செடிக்குச் சுமந்தேன். அப்படித்தான் தோட்டக்காரன் ஆனேன். வேலை கற்பித்தவர் சில வருஷம் இருந்து, காபித் தோட்டத்துக்கு மலையேறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு தோட்டம் என் பொறுப்பு. தோட்டத்து மூலையில் ஓட்டு வீடு ஒன்று கொடுத்தார்கள். அம்மா முதல் நாள் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவரை நாங்கள் ஓட்டு வீட்டில் படுத்ததில்லை.

சோளத்துக்குப் பட்டம் உண்டு, கடலைக்குப் பட்டம் உண்டு என்பது குடியானவன் எவனுக்கும் தெரியும். பூவுக்கும் பட்டம் உண்டு. காசித்தும்பை விதையை முதல் மழை மண்ணில் இறங்கிய பிறகு தூவ வேண்டும். முன்னால் தூவினால் எறும்புக்குச் சோறு. மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்து, தண்ணீரைக் குறைத்துக் காயப்போட வேண்டும். பார்க்கிறவர்கள் செடியைக் கொன்றுவிட்டாய் என்பார்கள். பங்குனியில் அவர்களே பூக் கேட்டு வருவார்கள். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் ஏழைப் பிள்ளைகள் மாதிரி. எப்போது வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

செவ்வந்தி அப்படியில்லை. அதற்கு ஆடி.

தை மாசியில் பூ முடிந்ததும் பழைய செடியைத் தரையோடு அறுத்துவிட வேண்டும். வேரடியில் பக்கக்கன்று கிளம்பும். கோடையில் அதை நிழல் கட்டிக் காப்பாற்ற வேண்டும். வைகாசியில் பாத்தி கொத்தி, ஆட்டுப் புழுக்கை போட்டு, வெயிலில் ஆறவிட வேண்டும். ஆடிக் காற்று அடித்து, சூடு தணிந்து, மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் நாள். பஞ்சாங்கத்தில் அது இராது. வெயில் தாழ்ந்த பிறகு கன்றைப் பிரித்து, நீள வேரைக் கிள்ளிவிட்டு, குச்சியால் குழி போட்டு, வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்த வேண்டும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ள மனம் வராது. கிள்ளினால்தான் பக்கக்கிளை உடையும். புரட்டாசி ஐப்பசியில் மொக்கு. கார்த்திகை தொட்டுத் தை வரை பறிக்கலாம்.

சித்திரையில் வைத்தால் வெந்துபோகும். ஐப்பசியில் வைத்தால் மழையில் வேர் அழுகும். இவ்வளவும் எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தும் ஒரு வருஷம் பூ வரவில்லை. பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் அந்த வருஷத்துக் கதையில்தான் இருக்கிறது.

முதலில் எங்கள் காரியக்காரரைச் சொல்ல வேண்டும். அர்த்தநாரி என்று பெயர். திருச்செங்கோட்டுக்காரர். முதலாளியின் வரவு செலவு, வண்டி, ஆள், மாடு, தோட்டம் எல்லாம் அவர் கையில். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அவரே சொல்வார். பாத்தி மட்டும் கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு சணல் கயிற்றைச் சுருட்டி எப்போதும் மடியில் வைத்திருப்பார். கோபம் வந்தால் திட்ட மாட்டார். வெற்றிலையை எடுத்து வாய் நிறையப் போட்டுக்கொள்வார். வாயில் சாறு இருந்தால் பேச முடியாதல்லவா. மென்று, துப்பி முடிப்பதற்குள் கோபம் பாதி போயிருக்கும். அவர் வாய் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் எதிரில் போவோம்.

அந்த வருஷம் ஆனியில் முதலாளி மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணையம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர் இறந்து வருஷம் திரும்பவில்லை. அதனால் பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்வதைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். முதலாளி குடும்பத்தில் ஒரு வழக்கம். பூ வைக்கிற அன்று பெண் தலையில் ஏறும் பூவை விலைக்கு வாங்க மாட்டார்கள். சொந்த மண்ணில் பூத்ததாக இருக்க வேண்டும். தையில் கூடை கூடையாக வருவது செவ்வந்திதான்.

முதலாளி வீட்டம்மாவை நாங்கள் ஆத்தா என்போம். ஆனிக் கடைசியில் ஆத்தா தோட்டத்துப் பக்கம் வந்தார்கள். பாத்தி தயாராக இருந்தது. நான் கும்பிட்டுவிட்டுச் சொன்னேன்.

"ஆத்தா, ஆடி பொறந்ததும் பூ வெச்சரலாமுங்க."

ஆத்தா முகம் மாறிவிட்டது. "என்னடா சொன்னே?"

"ஆடியில வெச்சாத்தானுங்க சரியா இருக்கும். தள்ளிப்போட்டா ஆவாதுங்க."

"வாயக் கழுவுடா! ஆடியில எவனாச்சும் பூ வெப்பானா? எம்பொண்ணு நல்லா இருக்கறது உனக்குப் புடிக்கலியா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பொண்ணுக்கு என்னுங்க ஆத்தா? நாந்தானே வெக்கப்போறேன்?" என்று கேட்டுவிட்டேன்.

ஆத்தா மண்வெட்டியைத் தேடினார்கள். நல்லவேளை, காரியக்காரர் பின்னால் வந்தார். நின்று கேட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று தோளில் கிடந்த துண்டு கீழே விழச் சிரித்தார்.

"ஆத்தா, அவன் செடி வெக்கறதச் சொல்றானுங்க. ஆடியில நட்டாத்தான் தையில அம்மணிக்கு வெக்கறதுக்குப் பூ வருமாமுங்க."

ஆத்தாவும் சிரித்துவிட்டார்கள். "செடின்னு சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பங்களாவில் எனக்கு 'ஆடியில் பூ வைக்கிறவன்' என்று பெயர் ஆகிவிட்டது.

எனக்கும் அப்போது ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. எருமப்பட்டியில் அம்மா ஒரு பெண் பார்த்திருந்தாள். பாவாயி என்று பெயர். பெண்ணைப் பெற்றவர் நேராகவே சொன்னார். "காடு தோட்டம் இல்லாத பையன். பங்களா வேலைங்கறது இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. தை வரைக்கும் பாப்பமுங்க." தப்பாகச் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர் வேறு எப்படிச் சொல்வார்?

ஆடியில் வைத்தேன். வாசலிலிருந்து தெற்கே பங்களா வரை ஒரே நீளப் பாத்தி. காரியக்காரர் கயிறு பிடித்தார். ஒரு கன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

ஆவணி முடியும்போது முதலாளி கரண்டு கொண்டுவந்தார். பஞ்சாலைக்கு வந்த கம்பியிலிருந்து பங்களாவுக்கு இழுத்தார்கள். பூ வைக்க வரும் ஒறம்பரைக்கு, அந்த உறவுக்காரர்களுக்கு, வழி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, பாத்தியை ஒட்டி வரிசையாகக் கம்பம் நட்டு விளக்குப் போட்டார். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல். பொழுது சாய்ந்ததும் எரியும். இரவு ஷிப்டு பார்த்துவிட்டு முதலாளி திரும்பும் வரை எரியும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். முதலாளி கூடவே நின்று விளக்கம் சொல்வார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு.

செடியும் நன்றாக வளர்ந்தது. இலை கருத்து, தண்டு தடித்து, இடுப்பளவு வந்தது. பார்த்தவர்கள் மெச்சினார்கள். புரட்டாசி போயிற்று. மொக்கு இல்லை. ஐப்பசி போயிற்று. மொக்கு இல்லை. வெறும் இலை. எருவைக் குறைத்தேன். தண்ணீரைக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வண்டி கட்டி வந்து பார்த்தவர்கள் கண் பட்டுவிட்டது என்று சமையல்காரம்மா பாத்தி நடுவில் ஒரு செருப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். செருப்பும் மழையில் நனைந்தது. வேறு எதுவும் ஆகவில்லை.

முதலாளி ஒருநாள் பாத்தியைப் பார்த்தார். என்னிடம் பேசவில்லை. காரியக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "தைக்குப் பூ வரலீன்னா அவன அனுப்பிப்போட்டு வேற ஆளப் பாருங்க. எங்கம்மா காலத்துல இருந்து இந்தக் குடும்பத்துல கடைப்பூ வெச்சதில்ல."

வேலை போனால் ஓட்டு வீடு போகும். வீடு போனால் எருமப்பட்டிப் பேச்சும் போகும். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டு, ஊருக்குச் சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் காரியக்காரர் தோட்டத்துக்கு வந்தார். வாய் சிவந்திருந்தது. பாத்தியோரம் குந்தினார். மென்றார். ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காளியப்பா, எது வரலீன்னு நீ சொல்ல வேண்டாம். அது எனக்கே தெரியுது. எது வந்துதுன்னு சொல்லு."

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன்.

"கொஞ்சம் வந்திருக்குதுங்க. தண்ணித் தொட்டிக்குப் பொறத்தால."

பாத்தியின் தெற்குக் கோடியை நெருங்கும் இடத்தில் ஆளுயரத்துக்குச் செங்கல் தொட்டி ஒன்று உண்டு. தொட்டி தாண்டியும் கொஞ்சம் பாத்தி போகும். அங்கே மட்டும் மொக்கு இருந்தது. அவர் எழுந்து போய்ப் பார்த்தார். மொக்கு வந்த துண்டு முறம் மாதிரி இருந்தது. தொட்டிப் பக்கம் குறுகல். போகப் போக அகலம்.

"இதுக்கு மட்டும் வேற எருப் போட்டயா?"

"இல்லீங்க. ஒரே எரு, ஒரே தண்ணி. ஒரே நாள்ல வெச்சது."

"அப்பத் தொட்டி நெழலா?"

"நெழலு வடக்கால தானுங்க உழுகுது. இது தெக்கால இருக்குது."

வெயில் அப்படித்தான் அடித்தது. தொட்டியின் நிழல் வடக்கே கிடந்தது. அங்கே மொக்கு இல்லை. அவர் நிழலைப் பார்த்தார். மொக்கைப் பார்த்தார். பிறகு வடக்கே திரும்பி நின்றார். எதிரில் விளக்குக் கம்பங்கள். வரிசையாக, வாசல் வரை.

"பகல்ல ஒரு நெழலு" என்றார். "பொழுது போனா?"

இரவில் அந்தத் தொட்டிக்கு நிழல் உண்டு. நான் தினம் பார்க்கிறதுதான். விளக்கு வெளிச்சத்தில் தொட்டிக்குத் தெற்கே இருட்டாக ஒரு துண்டு கிடக்கும். தண்ணீர்க் குடத்தை அங்கேதான் கவிழ்த்து வைப்பேன். பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

அவர் மடியிலிருந்து கயிற்றை எடுத்தார். கடைசிக் கம்பத்தில் ஒரு முனையைக் கட்டச் சொன்னார். மறு முனையை அவர் பிடித்துக்கொண்டு, தொட்டியின் மேற்கு மூலையை உரசினாற்போல இழுத்துப் பாத்தியில் விட்டார். கயிற்றுக்கு உள்பக்கம் மொக்கு. வெளிப்பக்கம் வெறும் இலை. எழுந்து கிழக்கு மூலையிலும் அப்படியே இழுத்தார். அங்கும் அதே கதை. கயிறு, மொக்குக்கும் மொக்கில்லாததுக்கும் நடுவில் வகிடு எடுத்த மாதிரி போயிற்று.

அவர் கயிற்று முனையைக் கீழே விட்டு எழுந்தார்.

"ராத்திரி இருக்கற எடத்துல மொக்கு இருக்குது" என்றார்.

"முதலாளிகிட்ட எப்படீங்க சொல்றது? அவரு ஆசையாப் போட்ட வெளக்கு."

"நீ சொன்னா வேல போகும். நாஞ் சொன்னாத் திட்டுத்தான் உழுகும்" என்றார். தொட்டியில் தண்ணீர் மொண்டு வாய் கொப்புளித்தார். வெற்றிலைப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பேசத்தான் போகிறார் என்று தெரிந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பங்களாப் படி ஏறினார். அந்த நடை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எனக்காக ஒருவர் ஏறின படி அது.

உள்ளே முதலாளி சத்தம் கேட்டது. "செடிக்கு வெளக்கு ஆவாதா? நாலு பேரு கேட்டாச் சிரிப்பாங்க!" காரியக்காரர் குரல் கேட்கவில்லை. பிறகு முதலாளியே வெளியே வந்தார். பின்னால் ஆத்தா, மகள் அம்மணி எல்லாரும். கயிறு கட்டினபடியே இருந்தது. முதலாளி அதைத் தன் கையில் எடுத்துப் பிடித்தார். இந்தப் பக்கம் இழுத்தார். அந்தப் பக்கம் இழுத்தார். குனிந்து மொக்கைத் தொட்டார்.

"அப்பப் பொண்ணுக்குன்னு நாம் போட்ட வெளக்கு பொண்ணு பூவையே தின்னுபோட்டுதா?"

அம்மணிதான் சிரித்தது. "ஏனுங்கப்பா, மூஞ்சிக்கு நேரா வெளக்கப் போட்டு வெச்சா நீங்க தூங்குவீங்களா? அதுவும் பாவம், பொழுது விடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டு முழிச்சுட்டே நின்னிருக்குது."

முதலாளி கயிற்றை விட்டார். "கரண்டு மேஸ்திரிய வரச்சொல்லிப் பல்பக் கழட்டச் சொல்லுங்க" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "தைக்கு வருமாடா?" என்று கேட்டார்.

"வருமுங்க" என்றேன். வரும் என்று எனக்கு நிச்சயமில்லை. வேறு என்ன சொல்ல?

கார்த்திகை தீபத்துக்கு ஊரெல்லாம் விளக்கு எரிந்தது. எங்கள் தோட்டத்தில் மட்டும் ஒரு அகல்கூட வைக்கவில்லை. ஆத்தா பங்களாவுக்குப் பின்பக்கம் ஏற்றிக்கொண்டார்கள். மார்கழி பிறந்ததும் ஒரு விடியலில் இலைக்கு நடுவே மிளகு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அடுத்த செடியிலும் இருந்தது. பாத்தி முழுக்க இருந்தது. போய் அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். அவள் தரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மார்கழி நடுவில் எருமப்பட்டியிலிருந்து பாவாயியைப் பெற்றவர் வந்தார், என் வேலை நிலைக்குமா என்று பார்க்க. பாத்தியைச் சுற்றி வந்தார். "மொக்கு இருக்குதுங்க மாப்பிள்ள. பூ?" என்றார். மாப்பிள்ளை என்று அவர் வாயில் வந்ததே எனக்குப் போதும். "தை வரட்டுமுங்க" என்றேன்.

தையில் பூ வைக்கிற நாளுக்கு முதல் நாள் பொழுது சாய மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்தன. கம்பம் இருந்தது, விளக்கு இல்லை. வண்டியிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் நக்கலாகக் கேட்டார். "ஏனுங்க சம்பந்தி, கரண்டெல்லாம் இருக்குதுன்னாங்க. இருட்டடிச்சுக் கெடக்குது?"

முதலாளி அசரவில்லை. "மெதுவாப் பேசுங்க. பூவு தூங்குது" என்றார்.

காலையில் அவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். வாசலிலிருந்து பங்களா வரை மஞ்சள். நாங்கள் கூடை கூடையாகப் பறித்தோம். மாப்பிள்ளையின் அத்தை அம்மணி தலையில் பூ வைத்தபோது நான் வாசலோரம் நின்றேன். காரியக்காரர் பக்கத்தில் நின்றார். வாயில் வெற்றிலை இல்லை. "நேரா வெச்சிருக்காங்களா பாரு" என்றார், பாத்தியைச் சொல்வது மாதிரி.

விருந்து முடிந்ததும் ஆத்தா ஒரு கூடையைத் தனியே எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். "ஆடியில பூ வெக்கறவனே, இந்தா. உனக்கும் ஒரு எடம் பாத்திருக்குதாமே. கொண்டுட்டுப் போய் உங்கம்மாவ வெக்கச் சொல்லு" என்றார்கள். மறுநாளே நானும் அம்மாவும் எருமப்பட்டிக்குப் போனோம். அதே பாத்திப் பூ. என் அம்மா கையால் பாவாயி தலையில் ஏறியது.

முதலாளி அந்தக் கம்பங்களில் பிறகு பல்பு மாட்டவே இல்லை. பிடுங்கவும் விடவில்லை. நான் முல்லையை ஏற்றிவிட்டேன். ஓய்வு பெறும் வரை அந்தத் தோட்டத்தில்தான் இருந்தேன். கேட்காமலே பலபேர் எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள். காரியக்காரரை நினைக்காமல் நான் ஒரு கன்றும் ஊன்றியதில்லை. ஒன்று வாடினால் வாடினதைப் பார்த்து உட்கார மாட்டேன். எது பிழைத்தது என்று முதலில் தேடுவேன். அது அவர் கொடுத்தது.

பிள்ளைகளுக்குப் பதில் இதுதான். செவ்வந்தியை ஆடியில் வையுங்கள். வைத்துவிட்டு, உங்கள் தோட்டத்து விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். போன வருஷம் பூக்காததற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

எழுதி முடித்ததை என் சம்சாரத்துக்குப் படித்துக் காட்டினேன். பாவாயி முழுக்கக் கேட்டாள்.

"ஏனுங்க, எனக்குப் பூ வெச்சது எந்த மாசம்னு எழுதியிருக்கறீங்க?"

"தைன்னு."

"தப்புங்க. அத ஆடியிலயே வெச்சுப்போட்டீங்க" என்றாள்.